தன்னியக்க ஆயுதங்கள்: முடிவெடுத்தது யார் என்று எப்படித் தெரியும்?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரம் பார்க்கும் வேலையின் ஒரு பகுதியைக் காமிராக்கள் செய்யத் தொடங்கிவிட்டன. வரிசையில் நகர்ந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் காமிரா படமெடுக்கிறது. கீறல் உண்டா, வெடிப்பு உண்டா என்று கணினி பார்க்கிறது. பழுது என்று பட்டதை ஓர் இயந்திரக் கை தள்ளி ஒதுக்குகிறது. நல்ல பாகத்தைத் தவறுதலாக ஒதுக்கிவிட்டால் நட்டம் சில ரூபாய்தான்; ஆய்வு மேசையில் இருப்பவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து மீண்டும் வரிசையில் வைத்துவிடுவார். இதே காமிராவையும் இதே வகை மென்பொருளையும் வெடிமருந்து சுமக்கும் ஒரு ட்ரோனில் பொருத்தி, பாகங்களுக்குப் பதிலாக மனிதர்களைப் பார்க்கச் சொன்னால் என்ன மாறும்? உள்ளே நடக்கும் கணக்கு மாறாது. ஆனால் ஒதுக்கியதை எடுத்துத் திரும்ப வைக்க முடியாது.

இந்த வட்டாரத்துக்கு இது தொலைதூரக் கேள்வி இல்லை. 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. எல்லைக்கு அப்பால் பெங்களூரில், நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 1986 முதல் செயற்கை நுண்ணறிவுக்கும் ரோபாட்டிக்ஸுக்கும் என்றே ஒரு மையம் நடத்திவருகிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியோ, பேரழிவு ஆயுதம் ஒன்றை நிறுத்தச் சொல்லி அமெரிக்க அதிபரைப் பார்க்கச் சென்ற ஒருவர் பிறந்த ஊர்.

தன்னியக்க ஆயுதம் என்பது எது? ஒருவர் எங்கோ திரைமுன் அமர்ந்து ஓட்டும் ட்ரோன் இதில் சேராது. அங்கே இலக்கைத் தேர்ந்தெடுப்பதும் ஏவுவதும் மனிதர்தான். இயக்கிவிட்ட பிறகு, இலக்கைத் தேடுவது, தேர்ந்தெடுப்பது, தாக்குவது ஆகிய மூன்றையும் மேற்கொண்டு மனிதர் தலையிடாமல் தானே செய்வதுதான் தன்னியக்க ஆயுதம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012இல் வெளியிட்ட நெறிமுறையும், சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் விளக்கமும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. எப்போது, எங்கே, யார்மேல் வெடிக்கப்போகிறது என்பது ஏவியவருக்கே துல்லியமாகத் தெரியாது என்பது இதன் முக்கியமான பண்பு.

இப்படிப் பார்த்தால், இந்த இனத்தின் மிகப் பழைய உறுப்பினருக்கு நுண்ணறிவு எதுவுமே கிடையாது. மிதிவெடிக்கு ஒரே ஓர் உணரி; அது எடையை மட்டும் அறியும். புதைத்தவர் போய்ப் பல ஆண்டு கழித்தும் அது 'முடிவெடுக்கும்'. படைவீரரின் காலும் விறகு பொறுக்க வந்தவரின் காலும் அதற்கு ஒன்றுதான். இலங்கையின் வடக்கில் நெடுங்காலம் போர்முனைக் கோடாக இருந்த முகமாலையில், 2009இல் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் பெண்களும் ஆண்களும் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி வெடிகளை எடுக்க வேண்டியிருந்தது. மிதிவெடித் தடை ஒப்பந்தம் 1997இல் உருவானது. இலங்கை அதில் 2017 டிசம்பரில் இணைந்தது. இந்தியா இன்றுவரை இணையவில்லை.

மிதிவெடிக்கும் இன்றைய ட்ரோனுக்கும் இடையில் வேறு சில படிகள் உண்டு. கப்பலை நோக்கி வரும் ஏவுகணையைச் சில நொடிகளில் தானே கண்டு சுட்டுவீழ்த்தும் பீரங்கிகள் பல கடற்படைகளில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. கடல்மேல், ஒலியின் வேகத்தில், ஏவுகணை வடிவில் வருவது ஏவுகணையாகத்தான் இருக்கும் என்பதால் அவற்றைப் பற்றிப் பெரிய சர்ச்சை இல்லை. இஸ்ரேலில் 1980களில் உருவான ஹார்ப்பி அடுத்த படி. வானில் வட்டமிட்டபடி, எதிரியின் ரேடார் அலையை உணர்ந்ததும் அதன்மேல் தானே பாயும். இந்தியாவும் இந்தக் குடும்பத்து ஆயுதங்களை வைத்திருக்கிறது. ரேடார் அலை வீசுவது ரேடார்தான் என்பதால் இங்கும் குழப்பம் குறைவு. ஆனால் அந்த ரேடார் ஒரு மருத்துவமனைக் கூரையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பது ஹார்ப்பிக்குத் தெரியாது. இலக்கு பொருளாக இருக்கும்வரை பொறி ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. இலக்கு மனிதர் என்றானதும் நிலைமை வேறு.

பின் ஏன் படைகள் இதை நாடுகின்றன? முதல் காரணம் வானொலித் தொடர்பு. உக்ரைன் போரில் இரு தரப்பும் எதிரி ட்ரோனின் கட்டுப்பாட்டு அலைகளைக் குழப்புவதில் தேர்ந்துவிட்டன. தொடர்பு அறுந்த ட்ரோன் விழுந்துவிடும்; இலக்கைத் தானே அடையாளம் காணத் தெரிந்திருந்தால் விழாது. ஆக, எதிரியின் தற்காப்பே ஆயுதத்தைத் தன்னியக்கத்தை நோக்கித் தள்ளுகிறது. இரண்டாவது வேகம், மூன்றாவது எண்ணிக்கை: நூறு ட்ரோனை ஓட்ட நூறு பேர் வேண்டும், நூறு தன்னியக்க ட்ரோனை ஏவ ஒருவர் போதும். இவை உண்மையான ராணுவத் தேவைகள். படைத்தலைவர்களின் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட்டுப் போவது விவாதத்துக்கு உதவாது.

இனி, பொறி எப்படிப் 'பார்க்கிறது' என்று பார்க்கலாம். இன்றைய அடையாளம் காணும் மென்பொருளுக்கு யாரும் விதிகளை எழுதித் தருவதில்லை. பெயரிட்ட படங்களை ஆயிரக்கணக்கில் காட்டுகிறார்கள். நரம்பு வலையமைப்பு எனப்படும் கணக்குக் கட்டமைப்பு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விடை சொல்கிறது. விடை தவறினால் உள்ளிருக்கும் லட்சக்கணக்கான எண்கள் சற்றே திருத்தப்படுகின்றன. விடைகள் பெரும்பாலும் சரியாகும்வரை இது தொடர்கிறது. கடைசியில் நிற்பது துப்பாக்கியைப் பற்றிய புரிதல் இல்லை. எந்தப் புள்ளிக் கோலங்களோடு 'துப்பாக்கி' என்ற பெயர் அதிகம் சேர்ந்து வந்தது என்ற கணக்குதான் நிற்கிறது.

இதை எப்படி அறிந்தோம் என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 2017இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் முப்பரிமாண அச்சில் ஓர் ஆமை பொம்மை செய்தார்கள். அதன் மேற்பரப்பு வண்ணக் கோலத்தை, மனிதக் கண்ணுக்கு உறுத்தாத அளவில், கணக்குப் போட்டு மாற்றினார்கள். பார்ப்பவர் எவருக்கும் அது ஆமைதான். அந்நாளின் பெயர்பெற்ற படமறியும் மென்பொருளோ, அதை ஏறத்தாழ எந்தக் கோணத்தில் திருப்பிக் காட்டினாலும் துப்பாக்கி என்றது. பொறி வடிவத்தைப் பார்க்கிறது என்று நாம் நினைத்திருந்தோம். அது வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே செய்தது போர்க்களத்தில் தானாகவும் நிகழலாம். பாலைவனப் படங்களில் பயின்ற மென்பொருள் நெல்வயலில் என்ன செய்யும் என்பதை அங்கே கொண்டுபோய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மென்பொருள் சொல்வது 'ஆம்', 'இல்லை' என்றும் இருக்காது. 'இவர் ஆயுததாரி: 0.93' என்பது போல் ஓர் எண்ணைத் தரும். எந்த எண்ணுக்கு மேல் சுடலாம் என்ற எல்லையை மனிதர் வைக்கிறார். எல்லையை உயர்த்தினால் எதிரிகள் தப்புவார்கள். தாழ்த்தினால் அப்பாவிகள் சாவார்கள். எந்த எல்லை சரி என்பதற்குக் கணிதத்தில் விடை கிடையாது. அறநெறித் தீர்ப்பு உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது ஒரு தொழில்நுட்ப அமைப்பு எண்ணாக மட்டும் தெரிகிறது.

'99 சதவீதம் துல்லியம்' என்ற சொல் ஏமாற்றக்கூடியது. ஒரு பேச்சுக்கு, 10,000 ஆண்கள் வாழும் நகரம் ஒன்றில் 100 பேர் ஆயுதம் ஏந்தியவர்கள் என்று கொள்வோம். பொறி நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும். அது 100 ஆயுததாரிகளில் 99 பேரைக் கண்டுபிடித்துவிடும். மீதி 9,900 பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் குறிக்கும். அது 99 பேர். ஆக, பட்டியலில் இருப்பவர் 198 பேர், அவர்களில் சரிபாதி எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். பொறி பழுதாகவில்லை. சொன்ன துல்லியத்தோடுதான் வேலை செய்தது. தேடப்படுவோர் குறைவாகவும் சுற்றியுள்ளோர் அதிகமாகவும் இருக்கும் எந்த இடத்திலும் இப்படித்தான் ஆகும். ஊருக்குள் நடக்கும் போர் எல்லாம் அத்தகையதே.

படத்தில் தெரியாத செய்திகளும் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பவர் ஊர்க்காவலராக இருக்கலாம். காயம்பட்டுச் சண்டையிட முடியாமல் கிடப்பவரையும் சரணடைபவரையும் தாக்கக் கூடாது என்பது போர்ச் சட்டத்தின் பழைய விதி. சரணடைதல் ஒரு தோற்றம் மட்டும் இல்லை; நோக்கமும் சூழலும் சேர்ந்தது. பயந்து கையைத் தூக்கும் சிறுவனையும் கையெறிகுண்டு வீசக் கையைத் தூக்குபவனையும் பிரித்தறிய மனிதரே சிரமப்படுகிறார். ஆனால் மனிதருக்குச் சந்தேகம் வரும், தயங்க முடியும். 0.93 தயங்காது.

அப்படியானால் கடைசி விசையை மனிதர் கையில் விட்டால் போதாதா? பலரும் சொல்லும் விடை இது. நடந்த நிகழ்வுகளைப் பார்த்தால் பாதி விடைதான் என்று தெரிகிறது.

2003 மார்ச்சில் ஈராக் போரின்போது, அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னேடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது. வீரர்களுக்குச் சிந்திக்கக் கிடைத்தது மிகச் சிறிது நேரம். திரை சொன்னதை ஏற்றுச் சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். சில நாளில், ஏப்ரல் 2 அன்று, அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றும் அவ்வாறே வீழ்ந்தது, விமானி இறந்தார். விசை மனிதர் கையில் இருந்தது. தீர்ப்பு பொறியினுடையதாக இருந்தது. பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சாயும் இந்த மனப்போக்கைப் 'பொறிச்சார்பு' என்று சொல்லலாம்.

இதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தனர். விமானம் மேலேறிக்கொண்டிருக்கிறது என்று கப்பலின் கணினி சரியாகவே காட்டியது. சண்டைப் பதற்றத்தில் இருந்த வீரர்கள் அது தங்களை நோக்கி இறங்கி வருகிறது என்று நம்பினார்கள். இது எப்படித் தெரிந்தது? கப்பலின் கருவிகள் நொடிக்கு நொடி பதிந்துவைத்த தரவு நாடாக்கள் விசாரணையில் கிடைத்தன. மனிதர் சொன்னதும் கருவி காட்டியதும் வேறு என்பதை அந்தப் பதிவுகள்தான் வெளியே கொண்டுவந்தன.

1983 செப்டம்பர் 26 இரவு சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவின் திரையில், அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பியதாக எச்சரிக்கை வந்தது. உண்மையான தாக்குதல் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்காது என்று அவர் எண்ணினார். தரை ரேடார்களும் எதையும் காட்டவில்லை. தவறான எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். உயரமான மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணைச் சுடராகக் கொண்டது பின்னர் தெரியவந்தது. பெத்ரோவுக்கு மூன்று வசதிகள் இருந்தன: சற்று அவகாசம், சரிபார்க்க இன்னொரு மூலம், மறுக்கும் அதிகாரம். இம்மூன்றும் இல்லாமல் ஒருவரைத் திரைமுன் உட்காரவைப்பது மனிதக் கட்டுப்பாடு ஆகாது. பழியை ஏற்க ஓர் ஆள் கிடைப்பார், அவ்வளவுதான்.

காசாப் போரில் 'லாவெண்டர்' என்ற மென்பொருள் ஏறத்தாழ 37,000 பாலஸ்தீனரை ஆயுதக் குழுவினராக இருக்கலாம் என்று குறித்தது என, பெயர் சொல்லாத இஸ்ரேலிய உளவு அதிகாரிகளை மேற்கோள் காட்டி +972 இதழ் 2024 ஏப்ரலில் எழுதியது. ஒரு பெயரை ஏற்க அதிகாரிகள் சில சமயம் 20 நொடியே எடுத்துக்கொண்டதாகவும், பட்டியலில் சுமார் 10 சதவீதம் தவறு என்பது தெரிந்தே இருந்ததாகவும் அச்செய்தி கூறியது. இஸ்ரேலிய ராணுவம் இதை மறுத்தது. அது தகவல்களை ஒப்பிட உதவும் தரவுத்தளம் மட்டுமே, ஒவ்வோர் இலக்கையும் ஆய்வாளர்கள் தனியே சரிபார்க்கிறார்கள் என்றது. இரு கூற்றுகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடு மென்பொருளைப் பற்றியதே இல்லை. அந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, அவர் எதைப் பார்த்தார் என்பதைப் பற்றியது. அதை வெளியில் இருப்பவர் அறிய வழியில்லை.

பொறுப்பு யாருடையது என்ற சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. போர்க்குற்றத்தைத் தண்டிக்க, செய்தவர் அறிந்து செய்தார் என்று காட்ட வேண்டும். பொறிக்கு மனம் இல்லை. அதைச் சிறையில் அடைத்துப் பயனும் இல்லை. மென்பொருள் எழுதியவர் அந்த ஊரையே கண்டதில்லை. ஏவிய அதிகாரிக்குப் பொறி அப்படிச் செய்யும் என்று தெரியாது. ஆஸ்திரேலியத் தத்துவவியலர் ராபர்ட் ஸ்பாரோ 2007இல் இந்த வெற்றிடத்தை முன்வைத்துத் தன்னியக்க ஆயுதங்களை எதிர்த்தார். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ரொனால்ட் ஆர்க்கின் எதிர்வாதம் வைத்தார்: பொறிக்கு அச்சமோ வெறியோ பழிவாங்கும் எண்ணமோ கிடையாது, ஆகவே போர்ச் சட்டத்தை அது மனிதரைவிட நன்றாகக் கடைப்பிடிக்கக்கூடும். மனிதப் படைகள் செய்த கொடுமைகளை நினைத்தால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வெறி கொண்டு சுட்டவரைக் கூண்டில் நிறுத்தலாம். இறந்தவரின் உறவினர் அவர் முகத்தைப் பார்த்து ஏன் என்று கேட்கலாம். பொறி குறைவாகத் தவறுகிறது என்று ஒருநாள் நிரூபணமானாலும், அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாத கொலையை ஏற்கலாம் என்று ஆகிவிடாது.

ஒரு வகை ஆயுதத்தை உலகம் கூடிக் கட்டுப்படுத்த முடியுமா என்ற கேள்விக்குத் தொரப்பள்ளியிலிருந்து ஒரு பழைய முன்னுதாரணம் கிடைக்கிறது. 1878 டிசம்பர் 10 அன்று அங்கே பிறந்த ராஜாஜி, 1962இல் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு, தம் 83ஆம் வயதில், வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்பதே கோரிக்கை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும், வளிமண்டலத்திலும் நீரடியிலும் விண்வெளியிலும் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு சந்திப்பின் பலன் என்று சொல்வது மிகை. ஆனால் நிலத்தடிச் சோதனை ஏன் விடுபட்டது என்பது இங்கே முக்கியம். வானில் வெடித்தால் கதிரியக்கத் துகள்கள் காற்றோடு எல்லை தாண்டும், மறைக்க முடியாது. நிலத்தடியில் வெடித்தால் நிலநடுக்கம் என்று சாக்குச் சொல்லலாம். ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் வந்து பார்க்கலாம் என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை. சரிபார்க்க முடிந்தவரைதான் தடை போனது.

அறிவியல் அந்த இடைவெளியைப் பின்னர் நிரப்பியது. அதன் ஒரு கருவி தொரப்பள்ளிக்கு வெகு தொலைவில் இல்லை. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965இல் பிரிட்டனின் உதவியோடு அமைக்கப்பட்ட நில அதிர்வுமானி வரிசை, தொலைவில் நடக்கும் நிலத்தடி வெடிப்புகளைக் கேட்கவே பிறந்தது. நிலநடுக்கத்தில் பாறை ஒரு பிளவின்மேல் வழுக்குகிறது. ஆகவே அலையின் முதல் அசைவு சில திசைகளில் தள்ளலாகவும் சில திசைகளில் இழுப்பாகவும் போகிறது. குண்டு எல்லாத் திசையிலும் தள்ளுகிறது. ஆழத்தில் செல்லும் அலைக்கும் மேற்பரப்பில் தவழும் அலைக்கும் உள்ள விகிதமும் இரண்டிலும் வேறு. இந்த வேறுபாடுகளை உலகெங்கும் உள்ள நிலையங்களில் ஒப்பிட்டு, எங்கே குண்டு வெடித்தது என்று இன்று சொல்லிவிடுகிறார்கள்.

தன்னியக்க ஆயுதத்துக்கு இப்படி ஒரு நிலநடுக்கமானி கிடையாது. மனிதர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் ட்ரோனும் காத்திராத ட்ரோனும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். இறக்கை, காமிரா, வெடிமருந்து எல்லாம் அதே. வேறுபாடு மென்பொருளில் சில வரி. அதை ஓர் இரவில் மாற்றிவிடலாம். லிபியாவில் 2020இல் துருக்கியின் கார்கு-2 ட்ரோன்கள் பயன்பட்டதைப் பற்றி ஐ.நா. வல்லுநர் குழு 2021இல் எழுதியது இந்த இருட்டைக் காட்டுகிறது. இயக்குபவரோடு தொடர்பில்லாமலே தாக்கும்படி அவை நிரல்படுத்தப்பட்டிருந்தன என்றது அறிக்கை. அவை உண்மையில் தாமாகவே யாரையாவது தாக்கினவா என்பதற்கு அதில் தெளிவான சான்று இல்லை.

ஆகவே பொறிக்குள் என்ன இருக்கிறது என்று சோதிப்பதைவிட, வெளியில் தெரிவதற்கு விதி வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். செஞ்சிலுவைச் சங்கம் 2021இல் இந்த வழியில்தான் சென்றது. மனிதரைக் குறிவைக்கும் தன்னியக்க ஆயுதங்களையும், விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாதவற்றையும் முற்றாகத் தடை செய்யச் சொன்னது. மற்றவற்றுக்கு இலக்கின் வகை, இயங்கும் பரப்பு, நேரம் ஆகியவற்றில் வரம்பு கேட்டது. இதோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்: அழிக்க முடியாத பதிவு. எந்த எண் வந்தது, எல்லை எங்கே வைக்கப்பட்டது, யார் எத்தனை நொடி பார்த்து ஒப்புக்கொண்டார் என்பது ஒவ்வொரு தாக்குதலுக்கும் பதிந்திருக்க வேண்டும். வின்சென்ஸ் கப்பலின் நாடாக்கள் செய்த வேலை அதுதான். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. பயணிகள் விமானங்களில் பல பத்தாண்டுகளாக இருப்பதே.

மரபுசார் ஆயுதங்கள் பற்றிய 1980ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் ஜெனீவாவில் அரசுகளின் வல்லுநர் குழு இதை 2017 முதல் பேசிவருகிறது. முதல் இரண்டு ஆண்டும் அதற்குத் தலைமை தாங்கியவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். 2019இல் வழிகாட்டும் கொள்கைகள் பதினொன்று ஏற்கப்பட்டன. மனிதப் பொறுப்பைப் பொறிக்கு மாற்ற முடியாது என்பது அவற்றில் ஒன்று. அவை சட்டமாகக் கட்டுப்படுத்துவன அல்ல. குழுவில் எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும் என்பதால், ஐ.நா. பொதுச்சபை 2023 டிசம்பரில் இந்தப் பொருளில் தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது: ஆதரவு 152, எதிர்ப்பு 4. எதிர்த்த நால்வரில் ரஷ்யாவோடு இந்தியாவும் இருந்தது. ஜெனீவாவே இதற்கு உரிய மேடை, கட்டாய ஒப்பந்தத்துக்கு இன்னும் காலம் கனியவில்லை என்பது இந்தியாவின் நிலை. எல்லையில் இரு அணுஆயுத நாடுகளை வைத்திருக்கும் ஒரு தேசத்தின் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அந்தத் தீர்மானம் ஆயுதம் எதையும் தடை செய்யவில்லை. நாடுகளின் கருத்தைத் திரட்டி அறிக்கை தருமாறு ஐ.நா. பொதுச்செயலரைக் கேட்டது. அதற்கே எதிராக வாக்களித்தது வருத்தத்துக்குரியது.

உள்நாட்டில் வேலை வேகமாக நடக்கிறது. என். சந்திரசேகரன் தலைமையிலான குழு 2018இல் பரிந்துரை தந்ததை அடுத்துப் பாதுகாப்புத் துறையில் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு மன்றமும் திட்ட முகமையும் அமைந்தன. 2022 ஜூலையில் செயற்கை நுண்ணறிவு சார்ந்த 75 பாதுகாப்புப் பொருட்கள் ஒரே நாளில் அறிமுகமாயின. 2024 அக்டோபரில் முப்படைத் தலைமைத் தளபதி வெளியிட்ட நம்பகத்தன்மை மதிப்பீட்டுச் சட்டகம், ராணுவ மென்பொருளை எந்த அளவுகோல்களில் சோதிக்க வேண்டும் என்று வகுக்கிறது. தவறு நடந்தபின் விசாரிக்கத் தேவையான பதிவையும் அதில் கட்டாயமாக்கினால், ஓசூர் மையத்தில் கொள்முதல் ஆணை பெறும் சிறு நிறுவனம்கூட அதை வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டிவரும். ஓர் உலக ஒப்பந்தத்துக்குக் காத்திராமல் ஒரு நாடு தன் கொள்முதல் விதியிலேயே செய்துகொள்ளக்கூடியது இது.